ஜல்லிக் குவியல் மேல் சாமிக்கண்ணு

போராட்டம் என்றால் சாமிக்கண்ணு எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார், கையில் காலி சிமெண்ட் சாக்கோடு. நாங்கள் உட்காரப்போகிற இடத்தில் குனிந்தபடி நடப்பார். கைக்கு அடங்குகிற கல்லை மட்டும் எடுத்து, உள்ளங்கையில் ஒருமுறை எடை பார்த்துவிட்டுச் சாக்கில் போடுவார். நிரம்பியதும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுபோய்த் தன் பஞ்சர் கடைக்குப் பின்னால் கொட்டுவார்.

எங்கள் ஊர் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், ஒரு சாயக் கம்பெனியின் சுவரை ஒட்டி இருக்கிறது. கைபம்பில் தண்ணீர் மஞ்சளாக வரத் தொடங்கியதிலிருந்து கம்பெனி வாசலில் உட்கார்ந்துவந்தோம். ஒருமுறை யாரோ வீசிய கல்லுக்கு, வீசாத பையன்கள் மேலும் வழக்கு விழுந்தது. அதற்கப்புறம் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கல்லைப் பற்றித்தான் கேட்டார்கள். சாக்கு வந்தது அதன் பிறகு.

அவர் மனைவியின் தம்பி இளவரசுக்கு அது கேலி. துபாய் போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவன்.

"கல்லப் பொறுக்கிட்டா கோவம் பூடுமா மாமா?"

"கோவம் இருக்கட்டும்டா, அது நம்முளுது. கல்லு அவுங்களுக்குத்தான் வேணும்."

2009 கோடையில் ஒரு நாள், தண்ணீரைப் பரிசோதிக்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. கலாட்டா என்றால் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். அன்று காலை வாசலில் ஒரு லாரி ஜல்லி கொட்டிக் கிடந்தது. ரோடு போடப் போகிறார்களாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

சாமிக்கண்ணு குவியலையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு தார்ப்பாய் வாங்கிவந்து குவியலை மூடி, மேலே ஏறி உட்கார்ந்தார். பெண்களையும் ஏறச் சொன்னார். "என் இடுப்புக்கு அளவெடுத்துக் கொட்டியிருக்கானுவ" என்றபடி விருத்தாம்பாள் ஏறினார். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. எதிரே போலீஸ்காரர்கள் வந்ததுமே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஷிப்டு தொடங்க ஊதும் கம்பெனிச் சங்கு அன்று ஊதவில்லை.

வெயில் ஏறியபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கல் வந்தது. சாமிக்கண்ணுவின் காதுக்கு மேலே பட்டு, சட்டை நனைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளவரசுவின் கை தார்ப்பாய்க்கு அடியில் போனது. அவர் நகர்ந்து அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்தார்.

"வுடு மாமா."

"கத்தாத. அவுங்க இதுக்குத்தான் நிக்கிறாங்க."

எதிரே லத்திகள் பாதி உயர்ந்து நின்றன. யாரும் எழவில்லை. வெகுநேரம் கழித்து அதிகாரிகளின் ஜீப் வந்தது. கைபம்பில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். அதன் பிறகே அவர் சரிந்தார். இளவரசுவின் கையில் ஜல்லி பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

கடலூரில் ஒரு மருத்துவமனையின் பெரிய வார்டில் படுக்க வைத்தார்கள். வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் புது விரிப்பு, அவர் ஒருவர்தான் நோயாளி. காற்றோட்டமாக இருக்கிறது என்றார்.

அவருக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் வெண்மதி எங்கள் தெருப் பெண். பல மாதம் கழித்துத்தான் சொன்னாள்: அந்த வார்டை முந்தின நாள் சாயங்காலமே காலி பண்ணி வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்ததாம்.