எண் அழிந்த கற்கள்

நம் சண்முகத்தாய் மேடம் போய்விட்டார் என்று போன் வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றிருந்தேன். வரிசையை விட்டுவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

நான் ஆறாவது தாண்டாதவள். கல்லூரியில் பேராசிரியரான மேடம் கற்கள் சேர்த்து வைத்திருந்த அறையைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அதில் வாழ்ந்த உயிர்கள் கல்லாகிக் கிடப்பதை வெயிலில் அலைந்து பொறுக்கி வருவார். நத்தை போலச் சுருண்டிருக்கும். அந்த இனம் விண்கல் விழுந்து ஒரே அடியாக அழிந்ததா, எரிமலைகள் கக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதுதான் அவர் கேள்வி. கீழே போகப் போகக் காலம் பழையது என்பதால், எந்தக் கல் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று ஒவ்வொன்றிலும் மையால் எண் போட்டிருப்பார்.

ஓர் ஆயுத பூஜைக்கு, பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு தட்டுக் கற்களைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். எண்கள் அத்தனையும் போய்விட்டன.

மேடம் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எம்புட்டுப் புளி போட்ட, மாரி?" என்றார்.

"எலுமிச்சங்காய் அளவு, மேடம்."

"கொழம்பே வச்சிருக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட இருந்த சார், "ஞாபகத்துல இருந்து போட்டுருங்க மேடம். இந்தத் தட்டு இல்லாம உங்க கட்டுரை நிக்காதே" என்றார்.

"ஞாபகத்துல போட்டா, நான் ஆசப்பட்ட அடுக்குலதான் போயி உக்காரும் சார்."

ஒரே அடியாக அழிந்தது என்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வரவேண்டிய பதவி உயர்வும் அதோடு தள்ளிப்போனது. கேட்டவர்களிடம், "நான்தான் கவனிக்கல" என்றார். என் பெயர் வெளியே வரவில்லை. இன்றுதான் நானே சொல்கிறேன். மறுபடி இரண்டு கோடை அரியலூர் போனோம். தண்ணீர்க் கேன் சுமந்து நானும் போனேன். புதிதாகக் கிடைத்த கற்களில் பாதி ஒரே அடியாக என்றது, பாதி கொஞ்சம் கொஞ்சமாக என்றது. மேடம் இரண்டையும் அப்படியே எழுதினார்.

நேற்று இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரியவர், "வானத்திலிருந்து கல் விழுந்துதான் அழிந்தன என்று கண்டுபிடித்தவர்" என்று பாராட்டினார். நான் மேடைப் பக்கம் போய்ப் பேசியவள் இல்லை. பின்வரிசையில் எழுந்து நின்றேன்.

"இல்லைங்கய்யா. விண்கல்லா, எரிமலையா, ரெண்டும் சேந்தா, இன்னும் தெரியலன்னுதான் அவிய கடைசிவரைக்கும் சொன்னாவ."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படித்தவர்கள் நிறைந்த சபையில் 'தெரியல' என்று சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. மேடத்திடமிருந்து நான் வாங்கிக்கொண்டது அதுதான்.