கறுப்பு பூசிய டயர்

பள்ளங்கியில் உருளைக்கிழங்கு மொத்தமும் அழுகிப்போன வருஷத்திலிருந்து நான் செண்பகனூர் டயர் கடைப் படியை மிதிப்பதில்லை. இன்று பஸ்ஸுக்காக அந்தக் கடைக்கு எதிரே நிற்கிறேன். ஒரு தம்பி தன் பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கறுப்புப் பாலிஷ் வாடை ரோடு வரைக்கும் அடிக்கிறது.

அந்த வருஷம் அப்பா டிரைவராக ஓட்டிய பங்களா முதலாளியின் காரும் அப்படிப்பட்டதுதான். அப்போது கடை என் தாய்மாமனுடையது.

"புதுசு மச்சான், கண்ண மூடிட்டு மாட்டுங்க" என்றார் மாமன்.

மச்சினன் கொடுத்ததைத் தேய்த்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று அப்பா அப்படியே மாட்டிவிட்டார். பேத்துப்பாறை வளைவில் கறுப்பு பூசிய பழைய டயர் உரிந்து, கார் ஓடைக்குள் போனது. முதலாளி விசாரித்தார்.

"பழசுன்னு சொல்லித்தாங்கய்யா குடுத்தேன்" என்றார் மாமன், அப்பாவைப் பார்க்காமலே.

அன்றே அப்பாவுக்கு வேலை போனது.

நான் படியேற மாட்டேன்; பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் நீங்கள் கடைக்குள் போனால் அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள், டயரைக் கையால் தேய்த்துப் பார்க்கட்டும். கடைக்காரர் சொந்தக்காரராக இருந்தால் ரெண்டு தரம் தேய்க்கட்டும்.