பித்தளையில் அம்மாவின் பெயர்

எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பில் குழம்புச் சட்டியை இறக்கிவிட்டு ஒரு பித்தளைத் துண்டைச் சுட வைத்த நாள்போல என் பிள்ளைப் பிராயத்தில் இன்னொரு நாள் வரவே இல்லை. தீபாவளிகூட அதற்கு அடுத்ததுதான். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஆசையெல்லாம் எதையாவது சுட்டுப் பார்ப்பதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது மலேசியாவில், மலாக்கா பக்கம் லூபோக் சீனாவில், தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவள். அங்கே கழித்துப்போடும் ரப்பர் மரப் பலகைகளை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வட்ட வட்டமாகச் சப்பாத்திப் பலகை செய்வாள். தேய்த்து, எண்ணெய் பூசி வைத்தால் முகம் பார்க்கலாம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்ள கைவேல பிரமாதம்" என்று அப்பாவைத்தான் மெச்சுவார்கள். அப்பா ஆணி அடித்தால் ஆணியைத் தவிர மற்றதெல்லாம் அடிபடும். இருந்தாலும் அவர் அந்தப் பாராட்டை மறுத்து நான் பார்த்ததில்லை.

பலகைகளை எல்லாம் வாங்கிக்கொண்டவர் மலாக்கா டவுனில் சுற்றுலாக்காரர்களுக்காகக் கடை வைத்திருந்த ஒருவர். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. ஒரு சனிக்கிழமை சரக்கு இறக்கப் போனபோது, ஒரு வெள்ளைக்காரம்மா பலகையைத் திருப்பிப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார். எங்கள் சொந்தப் பட்டறை ஆட்கள் என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கூசாமல் சொன்னார். பலகைக்கு அடியில் அவர் கடைப் பெயர் போட்ட தங்க நிற ஸ்டிக்கர் வேறு மின்னியது. அம்மாவுக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் புரியும். காரில் ஏறியதும் கதவை அடித்துச் சாத்தினாள்.

பிறகு, "பிச்சி எடுக்க முடியாத மாதிரி ஏதாச்சும் போடணும்ங்க" என்றாள்.

அடுத்த வாரமே பாச்சாங்கில் இரும்புக்கடை வைத்திருந்த பாயிடம் போனோம். மரத்தில் சூடு வைக்கும் அச்சு வேண்டும் என்றதும் அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. கரண்டில் செருகும் வகை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்ததும் அப்பா மயங்கிவிட்டார். சுவிட்ச் உள்ள எதைக் கண்டாலும் அவர் மயங்குவார். அம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை. அடுப்பில் சுட வைப்பதே போதும் என்றாள். இரும்பா பித்தளையா என்று அடுத்த பேச்சு.

"பித்தளையே எடு தங்கச்சி. சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறும்" என்றார் பாய்.

என்ன படம் வெட்டுவது என்பதில்தான் குடும்பமே முட்டிக்கொண்டது. அப்பா தோகை விரித்த மயிலை ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தார். நான் எங்கள் பூனையைப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பாய் மயிலைப் பார்த்து ஆகாது என்று தலையாட்டிவிட்டு, "இவ்ளோ கோடு இருந்தா எல்லாம் சேர்ந்து கரிக்கட்டையாதான் வரும் லா" என்றார். பூனைக்கு மீசை இருந்ததால் அதுவும் தள்ளுபடியானது. அம்மா பாயின் பேனாவை வாங்கி, தன் பெயரைத் தமிழில் தடிமனாக எழுதினாள். மூன்றே எழுத்து.

அப்பா தன் மயிலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கடைக்கு வர்ற வெள்ளக்காரன், சீனன் யாருக்குப் படிக்கத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள் அம்மா.

அச்சு வந்து சேர்ந்த அன்று நான் பள்ளிப் பையைக்கூடக் கழற்றவில்லை. பிரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கின்றன! பாய் ஏமாற்றிவிட்டார் என்று கத்தினேன். அம்மா என்னை அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு இழுத்துப்போய்க் கண்ணாடியில் காட்டினாள். அதில் அவள் பெயர் ஒழுங்காக இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

புதுச் சாமான் என்றால் அப்பா சும்மா விடமாட்டார். குளித்துவிட்டு வந்து, மோட்டார் சைக்கிளுக்குச் செய்ததுபோலவே அச்சுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். வைத்தது கைப்பிடியில் அல்ல, நேராக எழுத்து வெட்டிய முகத்தில். அதுவும் தாராளமாக. அப்படியே அடுப்பில் ஏற்றினோம். சந்தனம் எழுத்துகளின் சந்துக்குள் ஓடி இறுகிவிட்டது. துண்டுப் பலகையில் வைத்து எடுத்தால், அம்மாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு தோசைதான் இருந்தது.

"சாமிக்கு வெச்சதுதானே" என்று அப்பா முனகினார். அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அச்சு ஆறியதும் புளியைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் துலக்கினாள்.

மறுபடியும் அடுப்பு. அதிகம் காய்ந்தால் மரம் கருகியது, காயாவிட்டால் எழுத்து பிடிக்கவில்லை. கடைசியில், அச்சை அழுத்திக்கொண்டு 'முருகா முருகா' என்று நிதானமாகச் சொல்லி எடுத்தால் சரியாக வருகிறது என்று கண்டுபிடித்தாள். சுர்ரென்று சத்தம், புகை, இனிப்பும் காரமுமாக ஒரு வாசம். மரத்துக்குள் பழுப்பாக இறங்கியிருந்த தன் பெயரை அம்மா விரலால் தடவினாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானும் ஒன்று வைக்கிறேன் என்று கெஞ்சினேன்.

"கடைக்குப் போற பலகடி. வெளயாட்டில்ல" என்று சொல்லிவிட்டாள். கட்டி வைத்திருந்த பலகைகளில் பாதிக்குச் சூடு வைத்து முடித்தபோது கேஸ் தீர்ந்துபோனது. நான் அழுதேவிட்டேன்.

சனிக்கிழமை அந்தப் பாதியைக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பெயரின்மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிப் பார்த்தார். சூடு இறங்கிய பள்ளத்தில் அது ஒட்டாமல் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னாக்கா இது? இது இல்லாம கொண்டாங்க லா. யாரு பேருன்னு கஸ்டமர் கேப்பாங்க."

"கேக்கட்டும் தம்பி" என்றாள் அம்மா.

அவர் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் திரும்பக் காரில் அடுக்கினோம். வீடு வந்ததும் அப்பா, கொட்டகையில் சூடு வைக்காமல் இருந்த மீதிப் பலகைகளைக் காட்டி, "அதையாச்சும் சும்மா விடேன். அடுத்த வாரம் அப்படியே குடுத்துடலாம். அவன விட்டா நமக்கு ஆளு ஏது?" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். அன்று வாங்கிவந்த புது சிலிண்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்து, அச்சை எடுத்து நெருப்பில் வைத்தாள்.

என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. "அம்மா, இதெல்லாம் இனிமே கடைக்குப் போகாதுல்ல? அப்ப நான் வைக்கலாமா?"

அம்மா ஒரு பலகையை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு, "வா" என்றாள்.

என் கையை உள்ளே வைத்து, மேலே தன் கையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினாள். முருகா முருகா என்று நான்தான் சொன்னேன். அவள் கை தேவைக்கு மேல் அழுத்தியது. எனக்கு விரல் வலித்தது. வலிக்கிறது என்றால் நிறுத்திவிடுவாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பலகையையும் எனக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கடைக்காரர் எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டே, அடுத்ததை எடுத்து அம்மா முன்னால் வைத்தேன்.