பூச்சியம்மா கேட்ட இரண்டு மாதம்

வேளாண்மைத் துறையில் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று இருப்பதே அந்த அலுவலகத்தில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. உரப் பிரிவுக்கு மாடியில் காற்றோட்டமான அறை. விதைப் பிரிவுக்கு அதை ஒட்டி இன்னொன்று. பயிர்ப் பாதுகாப்புக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டவர்களைக் கொண்டுபோய்த் தள்ளுகிற இடம் அது. யாரையும் முறைக்காமல், தானே கேட்டு வாங்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போனவர் பூச்சியம்மா ஒருவர்தான்.

பூச்சியம்மா என்பது விவசாயிகள் வைத்த பெயர். அவர் ஒரு தையல்காரரின் மகள். வங்கிக்கும் தபால் துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் சேர்த்தே தேர்வு எழுதியிருந்தார். முதலில் வந்து சேர்ந்தது வேளாண்மைத் துறையின் உத்தரவு. இவ்வளவு படித்துவிட்டு வெயிலில் நிற்கப் போகிறாளே என்று அப்பாவுக்குச் சங்கடம். ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வங்கிக்கு மாறிவிடலாம் என்றுதான் பூச்சியம்மாவும் நினைத்திருந்தார். சேர்ந்த புதிதில் ஒருநாள், வாடிப்போன கத்தரி இலை ஒன்றைத் திருப்பி உருப்பெருக்கியின் அடியில் வைத்தார். இலையின் அடிப்பக்கத்தில் ஒரு ஊரே குடியிருந்தது. முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. குஞ்சுகள் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரு குட்டிக் குளவி அந்தக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வங்கியை அன்றோடு மறந்துபோனார்.

அதற்குப் பிறகு அவர் கைப்பையில் எப்போதும் இலைகள்தான். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒருநாள் மதியம் சக ஊழியர்களோடு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், உள்ளே சுருண்ட மிளகாய் இலைகள். டப்பா மாறிவிட்டது. மாலையில் வீட்டுக்கு வந்தவர் கோபப்படாமல், "இன்னைக்கு உப்பு கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொன்னார். அப்படிப்பட்ட மனிதர்.

வருஷங்கள் ஓடின. பூச்சியம்மாவுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மாடி ஏறி, பெயர்ப்பலகை மாட்டி, அவரிடமே அறிக்கை கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். பதவி உயர்வுக்கான நேர்காணலில் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: உங்கள் பிரிவு என்ன சாதித்திருக்கிறது? வராமல் தடுத்த நோயை எந்தத் தட்டில் வைத்துக் காட்டுவது? ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு மாடிப்படிக்கு அடியில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளத்தாக்கில் தக்காளிக்கு இலைச்சுருட்டை நோய் வந்தது.

பள்ளத்தாக்கு முழுக்கத் தக்காளியும் மிளகாயும்தான். வாய்க்கால் தண்ணீர் வற்றாத இடம் என்பதால் வருஷம் பூராவும் நடவு. ஒருவர் தோட்டத்தில் அறுவடை முடியும்போது பக்கத்துத் தோட்டத்தில் நாற்று இறங்கும். முதலில் ஓரமாக நாலு செடி மஞ்சளித்தது. அப்புறம் இலைகள் கிண்ணம் மாதிரி சுருண்டன. செடி குட்டையாகவே நின்றுவிட்டது, பூத்தது, காய்க்கவில்லை. விவசாயிகள் மருந்து அடித்தார்கள். கேட்கவில்லை என்றதும் இன்னும் காட்டமான மருந்தை அடித்தார்கள். மருந்துக் கடைக்காரர் கடையை இரண்டு மடங்காக இடித்துக் கட்டினார். நோய் மட்டும் நகர்வதாக இல்லை.

பூச்சியம்மா விடிந்ததும் தோட்டங்களுக்குப் போய் இலைகளைத் திருப்பிப் பார்த்தார். பனி ஈரத்தில் வெள்ளை ஈக்கள் பறக்காமல் ஒட்டிக் கிடக்கும் நேரம் அது. பசை தடவிய மஞ்சள் அட்டைகளைக் குச்சியில் கட்டி நட்டு வைத்தார். மறுநாள் பார்த்தால் அட்டை தெரியாமல் ஈ அப்பிக் கிடந்தது. நோயை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குச் சுமந்துபோவது அந்த ஈதான். அதன் ஆயுசு சில வாரம். சாகிறதற்குள் அடுத்த தலைமுறைக்குப் பக்கத்திலேயே நோய்ச்செடி தயாராக இருக்கிறது. பந்தியே எடுக்காத வீட்டைவிட்டு விருந்தாளி எப்படிப் போவான் என்று அவருக்குத் தோன்றியது.

ஆக, பந்தியை எடுக்க வேண்டும். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சமயத்தில், இரண்டு மாதம், தக்காளி, மிளகாய், கத்தரி ஒன்றுகூட நிலத்தில் இருக்கக் கூடாது. களைகளையும் பிடுங்க வேண்டும். ஒட்டுவதற்குச் செடி இல்லாமல் பழைய ஈக்கள் நோயோடு சேர்ந்து அழிந்துவிடும். ஆனால் ஒரே ஒருவர் ஏமாற்றினாலும் மொத்தமும் பாழ்.

இதைப் போய்ச் சொன்னபோது இணை இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் மேலே ஒரு கண்ணும் கீழே ஒரு கண்ணுமாகப் பயந்து பயந்து வேலை பார்ப்பவர். உத்தரவு போட்டால் விவசாயிகள் கொடி பிடிப்பார்கள் என்றார். கடைசியில், "அவங்க ஒத்துக்கிட்டா நான் கையெழுத்துப் போடறேன். ஒத்துக்க வைக்கிறது உங்க பாடு" என்று பந்தைத் திருப்பி உருட்டிவிட்டார்.

விவசாயிகள் கூட்டம் சந்தைக் கொட்டகையில் நடந்தது. பூச்சியம்மா படம் வரைந்து விளக்கினார். நடுவிலேயே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. அப்போது முன்வரிசையில் எழுந்து நின்றது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த நாத்தனார். கணவரின் தங்கை. பள்ளத்தாக்கில் பாதிப் பேர் நடுவது அவளுடைய நாற்றங்கால் நாற்றைத்தான். சின்ன இடத்தில் பத்துத் தட்டு நாற்றோடு ஆரம்பித்து, ராப்பகலாக உழைத்து, இரண்டு வண்டி ஓடுகிற அளவுக்கு வந்தவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்.

"எல்லாம் சரி அண்ணி. நாங்க ரெண்டு மாசம் நிலத்தைச் சும்மா போடறோம். அந்த ரெண்டு மாசமும் உங்க துறையில எல்லாரும் சம்பளம் வாங்காம இருப்பீங்களா?"

கொட்டகை அதிரச் சிரிப்பு. சிரிப்போடு கூட்டமும் கலைந்தது. பூச்சியம்மா படத்தைச் சுருட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினார். வழியெல்லாம் காது சுட்டது. வீட்டில் கணவருக்கு விஷயம் முன்பே எட்டியிருந்தது. தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர், கையில் கிடைத்த சைக்கிளைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று பூச்சியம்மா தோற்றுப்போனதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் யோசித்தது வேறு. நாத்தனார் கேட்டதில் நியாயம் இருந்தது. நஷ்டம் யாருக்கு, உபதேசம் யாருடையது? படத்தைக் காட்டி யாரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. முதலில் ஒரே ஒருத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ஒப்புக்கொண்டால் ஊர் ஒப்புக்கொள்ளும்.

மறுநாள் நேராக நாற்றங்காலுக்குப் போனார். வம்புக்கு வந்திருக்கிறார் என்று நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பூச்சியம்மா ஒரு மூலை மட்டும் கேட்டார். அவள் கையாலேயே விதை போட வேண்டும். பாதித் தட்டுகளை ஈ நுழையாத பொடிக்கண் வலைக்குள் வைக்க வேண்டும், பாதியை வழக்கம்போல வெளியில். தண்ணீரும் எருவும் இரண்டுக்கும் ஒன்றே. மறுக்க ஒரு காரணமும் கிடைக்காததால் நாத்தனார் உதட்டைச் சுழித்தபடி சம்மதித்தாள். வலையைத் தைத்தது பூச்சியம்மாவேதான். தையல்காரர் மகள் அல்லவா, ஓரம் பிரியவில்லை.

நாற்று வளர்ந்ததும் இரண்டு வகையையும், இனி ஈ அண்டாதபடி, தனித்தனி வலைக்கூண்டுக்குள் தொட்டிகளில் நட்டு வைத்தார்கள். சில வாரம் போனது. பூச்சியம்மா அலுவலகத்தில் இருந்தபோது தொலைபேசி அழைப்பு வந்தது. நாத்தனார் குரலில் வழக்கமான காரம் இல்லை. கொஞ்சம் வந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

வலைக்குள் வளர்ந்த நாற்று இடுப்பளவு நின்றது, இலை விரித்து. வெளியில் வளர்ந்தது முழங்காலைத் தாண்டவில்லை. இலையெல்லாம் கிண்ணம். நாத்தனார் அந்தச் சுருண்ட இலையைத் தொட்டபடியே நின்றாள். இப்படிப்பட்ட நாற்றைத்தான் இத்தனை நாளும் வண்டி வண்டியாக அனுப்பியிருக்கிறாள். யாரும் சொல்லாமலே அது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அன்னைக்குக் கூட்டத்துல அவ்வளவு பேர் முன்னாடி நான் கேட்டேனே. அப்பவே இதைச் சொல்லி என் வாயை அடைச்சிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மறுநாள் உன் நாத்தை எவனும் வாங்க மாட்டான். உன்னைக் கவுத்துட்டு நான் யாரைக் காப்பாத்தறது?" என்றார் பூச்சியம்மா.

நாத்தனார் விற்பனைக்கு வைத்திருந்த நாற்றுகளிடம் போனாள். தட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் குழியில் கவிழ்க்க ஆரம்பித்தாள். பாதியில் திரும்பி, அந்த இரண்டு மாதத்துக்கு என்ன நாற்றுதான் போடுவது என்று கேட்டாள். முட்டைக்கோஸ், வெங்காயம், சோளம். இந்த நோய் அண்டாத பயிர்கள் எத்தனையோ இருந்தன. விதையைத் துறையிலிருந்து பாதி விலைக்கு வாங்கித் தருகிற பொறுப்பைப் பூச்சியம்மா ஏற்றுக்கொண்டார். இணை இயக்குநரின் அறை வாசலில் உட்கார்ந்து வாங்கியும் விட்டார்.

அதற்கப்புறம் ஊரை ஒப்புக்கொள்ள வைத்தது நாத்தனாரின் வாய்தான். ஒரு தொட்டியில் நல்ல செடி, ஒரு தொட்டியில் சீக்குச் செடி, இரண்டையும் வண்டியில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனாள். இரண்டும் தன் கை நாற்றுதான் என்பதைத் தானே முதலில் சொல்லிவிடுவாள். சொந்தக் கடையின் குறையைச் சந்தையில் நின்று சொல்லுகிறவளை யாரால் மறுத்துப் பேச முடியும்? இரண்டாவது கூட்டத்தில் கைகள் உயர்ந்தன. இணை இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

ஒருவர் மட்டும் மசியவில்லை. மேட்டுத் தோட்டத்துப் பெரியவர். அவர் மிளகாய் அப்போதுதான் பூ வைத்திருந்தது. செடிகளை அகற்ற வேண்டிய கெடு நெருங்கியது. பள்ளத்தாக்கே காலியாகிவிட்டது, அவர் தோட்டம் மட்டும் மேட்டில் பச்சையாக, ஈக்களுக்குக் கொடி ஏற்றி வைத்த மாதிரி நின்றது. இணை இயக்குநரே ஜீப்பில் வந்து கும்பிட்டுக் கேட்டார். பெரியவர் வரப்பில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் வெச்ச செடியை என் கையால பிடுங்க மாட்டேன். வேணும்னா நீங்க பிடுங்கிக்குங்க."

கோபத்தில் சொன்னது அது. பூச்சியம்மா அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். முதல் வரிசையில் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தார். பின்னாலேயே நாத்தனார் இறங்கினாள். ஜீப் ஓட்டுநர் இறங்கினார். சுற்றிலும் வேடிக்கை பார்த்த விவசாயிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் இணை இயக்குநரும் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். அவருக்குப் பிடுங்கத் தெரியவில்லை. செடி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்து, சொட்டுநீர்க் குழாயையும் மிதித்துவிட்டார். அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, "தள்ளுங்க சார். குழாயை உடைச்சிராதீங்க. செடியை இப்படிப் பிடிக்கணும்" என்று பிடுங்கிக் காட்டினார். காட்டிக்கொண்டே அந்த வரிசை முழுவதையும் பிடுங்கி முடித்தார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஜீப் கிளம்பிய பிறகுதான் சிரித்தார்கள், ஜீப்புக்குள் இருந்த இணை இயக்குநர் உட்பட.

இரண்டு மாதமும் பூச்சியம்மா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அலைந்தார். வேலியோரம் தானாக முளைத்த தக்காளியைக்கூட விடவில்லை. அட்டைகளில் ஈ குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மாதக் கெடு முடிகிற வாரம் அட்டைகள் வெறும் மஞ்சளாகத் தொங்கின. அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் வாங்கிய எந்தச் சான்றிதழும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

வலைக்குள் வளர்ந்த நாற்றுகளோடு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சமயத்தில் நடவு நடந்தது. செடிகள் பச்சையாக எழுந்தன. இலைகள் விரிந்தே இருந்தன. கொத்துக் கொத்தாகக் காய் பிடித்தது. குச்சி கட்டிக் கட்டி ஆட்களுக்குக் கை ஓய்ந்தது. மருந்துக் கடைக்காரர், இடித்துக் கட்டிய பாதியில் காய்கறிக் கூடை விற்க ஆரம்பித்தார்.

அறுவடை உச்சத்தில் இருந்த சமயம் பார்த்து, தலைமை அலுவலகத்திலிருந்து மறுபடி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மாநிலம் முழுவதுக்குமான பயிர்ப் பாதுகாப்புத் தலைமைப் பொறுப்பு. கணவர் விடுப்புப் போட்டு, நண்பர் ஒருவரின் காரைக் கேட்டு வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பள்ளத்தாக்குச் சாலையில் திரும்பினால் கார் நகரவில்லை. முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தக்காளி ஏற்றிய வண்டிகள். பின்னாலும் வண்டிகள். ஒரு வண்டியிலிருந்து சரிந்த பழங்கள் சாலையெல்லாம் உருண்டன. கணவர் பதற்றத்தில் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார். பூச்சியம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க. போகட்டும். எல்லா வண்டியும் முன்னாடி போகட்டும்."

காரை ஓரம் கட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டு, கடந்து போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓட்டுநர்கள் அடையாளம் கண்டு கையசைத்தார்கள். கணவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பூச்சியம்மா அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

நேர்காணல் அறைக்குள் அவர் நுழைந்தபோது குழுவினர் கோப்புகளை மூடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி கடுப்போடு, இவ்வளவு முக்கியமான நாளில் தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார்.

"எங்க பள்ளத்தாக்குல தக்காளி வண்டி வழியை அடைச்சிருச்சு சார்" என்றார் பூச்சியம்மா.

போன வருஷம் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கூடைகூடச் சந்தைக்கு வரவில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருந்த அதிகாரி கோப்பை மறுபடி திறந்தார். உட்காரச் சொன்னார். அந்தத் தடவை பிரிவின் சாதனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இதையே மற்ற மாவட்டங்களில் எப்படிச் செய்வது என்று மட்டும்தான் கேட்டார்கள். பேச்சு மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போனது.

பதவி உயர்வு உத்தரவு அந்த மாதமே வந்தது. இப்போது மாநிலத்தில் தக்காளி விளைகிற இடமெல்லாம் வருஷத்தில் இரண்டு மாதம் தக்காளிச் செடியே இல்லாமல் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனிக் கட்டடம். அங்கே வேலை கேட்டு வருகிற விண்ணப்பங்களில் பள்ளத்தாக்குப் பெண்களுடையவை நிறைய. நாத்தனாரின் மூத்த மகள் போன வருஷம் தேர்வு எழுதித் தன் மதிப்பெண்ணிலேயே உள்ளே வந்தாள். சேர்ந்த அன்று எந்த அறை வேண்டும் என்று கேட்டார்கள். வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே என்றாள். உருப்பெருக்கியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தாள்.