பாய்ப்படகுக்கு வைத்த கேட்டு

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் ஆறாது. கண்டி வாவியில் ஒரு பாய்ப்படகுக்குக் கேட்டுக் கதவு வைத்துக் கொடுத்தபோது வந்த கோபத்துக்கு இன்றோடு எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டால், எண்ணிச் சொல்லக்கூட எரிச்சலாக இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டியில் ஓர் இரும்புப் பட்டறையில் இருந்தேன். கம்பளைக் கடைகளுக்கும் அக்குறணை முதலாளிமாருக்கும் கேட்டு அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. என் அண்ணன் ஒரு வெள்ளைக்காரத் துரையின் படகைப் பார்த்துக்கொண்டிருந்தான். துரை தோட்டத்தை விட்டுவிட்டு வாவிக்கரையில் குடியிருந்தார். மாலையில் காற்று வந்தால் பாய் விரித்துச் சுற்றுவார்; கயிறு இழுக்க அண்ணன். அந்த வேலை போனால் அவனுக்கு மறுபடி தேயிலை மலைதான். அண்ணியும் பிள்ளைகளும் இருந்த பின்கட்டு அறையும் போய்விடும். அதனால் துரை தும்மினால்கூட இவனுக்கு வேர்த்துக் கொட்டும்.

துரைசானிக்கு முழங்கால் வாதம். படகின் பக்கவாட்டைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. பின்பக்கம் தாழ்வு; ஆனால் அங்கே விழாமல் இருக்க இடுப்பளவுக்குக் கம்பி வளைத்து அடித்திருந்தது. அதை நடுவில் அறுத்து ஒரு சின்னக் கேட்டு வைத்தால், கரைப் படியிலிருந்து அப்படியே நடந்து ஏறிவிடலாம் என்று துரை நினைத்தார். அண்ணன் என்னைப் பற்றிச் சொல்லி வேலையை வாங்கிக் கொடுத்தான்.

அளவெடுக்கப் போன அன்று, படகில் ஏறக் காலைத் தூக்கினேன். அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“டேய், ஏறாத! தொரைக்குப் புடிக்காது.”

“ஏறாம எப்படிண்ணே அளவெடுக்குறது?”

“தண்ணியில நின்னு எடு. எனக்கு வேல போயிரும்டா.”

அன்று படகின் மூக்கு கரைப்பக்கம் கட்டியிருந்தது, பின்பக்கம் வாவியில். இடுப்பளவு தண்ணீரில் நின்று நூல் பிடித்தேன். கம்பியை அறுத்தது, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தது, கீல் வைத்தது எல்லாமே தண்ணீரில் நின்றபடிதான். வெளியே நிற்பவனுக்கு எது வசதியோ அப்படித்தான் கை போகும். என் பக்கமாக இழுத்தால் கேட்டு திறந்தது. கொக்கியும் என் பக்கம். கடைக்குக் கேட்டு வைத்தால் உள்ளே போய் நின்று ஒருமுறை தள்ளிப் பார்ப்போம். இங்கே உள்ளே போக விட்டால்தானே! அண்ணன் கரையில் நின்று பார்த்து, “அருமையா இருக்குடா” என்றான்.

கேட்டு வைத்த அன்று மாலையே துரை அண்ணனை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நான் கரையில் நின்றேன். வாவியின் நடுவில் காற்று திரும்பியது. படகு சாய்ந்து குலுங்க, அண்ணன் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி கேட்டில் முதுகைச் சாய்த்தான். கொக்கி துள்ளிக் கழன்றது. உள்பக்கமாகத் திறக்கிற கேட்டாக இருந்தால் அவனைத் தாங்கியிருக்கும். இது வெளியே விரிந்து அவனைத் தண்ணீரில் கொட்டியது. மலையில் பிறந்த எங்களுக்கு நீச்சல் தெரியாது. “அண்ணே!” என்று கத்தியதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. துரைதான் துடுப்பை நீட்டி, பிறகு தலைமயிரைப் பிடித்து, அவனை இழுத்துப் போட்டார்.

கரைக்கு வந்ததும் துரை என்னைத் திட்டவில்லை. தோட்டத்துத் தமிழில் கேட்டார்: “நீ ஏன் படகுல ஏறிப் பாக்கல?”

நான் அண்ணனைப் பார்த்தேன்.

“ஏறக்கூடாதுன்னு நானா சொன்னேன்?”

அப்போதுதான் விளங்கியது. துரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. யாரும் போடாத தடையை இவனாகவே போட்டுக்கொண்டு, அதை என் தலையிலும் கட்டி, அதனாலேயே சாகப் பார்த்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எல்லாவற்றையும் போட்டு உடைக்கத்தான் நினைத்தேன். அண்ணன் தண்ணீரைக் கக்கிக்கொண்டே, வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

“மறந்துட்டேங்க தொரை” என்றேன். எனக்கு முட்டாள் பட்டம் கிடைத்தது. அவன் வேலை தப்பியது.

மறுநாள் காலை கேட்டை மாற்றி வைக்கப் போனேன். துரை கரையில் நின்று, “ஏறு, ஏறு” என்று கை காட்டினார். நான் படகுப் பக்கம் போனேன். முந்தின நாள் செத்துப் பிழைத்த அண்ணன், தொண்டை கட்டிய குரலில், என் காதருகே வந்து சொன்னான்:

“காலக் கழுவிட்டு ஏறுடா.”

அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன் என்றுதான் இத்தனை காலமும் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அது பொய். நான் குனிந்து, இரண்டு காலையும் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் ஏறினேன்.