நான்காம் பிரஸ் வரிசையில் ஒரு கோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போதுகூட கடைசி வரிசையில் பொரி கடலைக்காகத்தான் நிற்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு இன்னும் நிம்மதி.

ஓசூரில் வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் போடுவது என் வேலை. யார் எந்த நாள் எந்த பிரஸ் மெஷினில் நிற்க வேண்டும் என்று லேப்டாப்பில் சார்ட் அடித்து, சனிக்கிழமை பிரிண்ட் எடுத்து கேன்டீன் வாசலில் ஒட்டுவேன். பேரை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவார்கள். கெஞ்சுவது எனக்குப் பிடிக்கும், மாற்ற மாட்டேன். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் லேப்டாப் விழுந்து டிஸ்ப்ளே உடைந்துபோக, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்தேன்.

"புதுசு வர பத்து நாள் ஆகுங்க சார். மூடின கம்பெனி ஒண்ணோட ஸ்கிராப்ல வந்த லேப்டாப் இருக்குது, பேனல் நல்லாயிருக்குது, அதப் போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர்.

போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரமே திரையின் குறுக்கே, முடி மாதிரி மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. ராமப்பா என்கிற ஆபரேட்டரின் பேர் மேல் விழுந்திருந்தது. இந்த மாதிரிக் கோடு திரையில் ஒரே இடத்தில்தான் நிற்கும், உங்களுக்கே தெரியும். நான் சார்ட்டை மேலே தள்ளினேன், கோடும் பேரோடு சேர்ந்து மேலே போனது. வேறு ஃபைலைத் திறந்தால் இல்லை, ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை, பிரிண்டிலும் இல்லை. கடைக்காரர் கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே சார், கண் டாக்டர்கிட்ட ஒருக்கா காமிங்க" என்றார்.

அந்த வாரம் ராமப்பாவின் கட்டைவிரல் நான்காம் பிரஸ்ஸில் நசுங்கியது. அடுத்த மாதம் இன்னொருவர் பேரில் கோடு விழுந்தது, அதே பிரஸ்ஸில் அவருக்கு இரண்டு விரல் போனது. அந்த மெஷினில், கை உள்ளே போனால் நிறுத்துகிற சென்சார் உண்டு. அடிக்கிற தகடு எண்ணிக்கை குறைகிறதென்று நாங்களேதான் அதை வேலை செய்யவிடாமல் வைத்திருந்தோம். அதனால் விபத்துக்குக் காரணம் தேடி நான் எங்கும் அலையவில்லை, கோட்டையும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது தடவை கோடு விழுந்தது வெங்கடேசன் பேரில். என் மனைவியின் தம்பி, நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். வியாழக்கிழமை, நான்காம் பிரஸ். சென்சாரைப் போடச் சொல்லி மேனேஜரிடம் போய் நின்றிருக்கலாம், ஆனால் அந்த வருஷம் புரமோஷன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்கடேசன் பேரை அழித்துவிட்டு முனிராஜ் என்று அடித்தேன். முனிராஜ் நாகரசம்பட்டிக்காரர், காண்ட்ராக்ட் ஆள், எதற்கும் ஏன் என்று கேட்காதவர், அதனால்தான் அவர்.

கோடு வெங்கடேசன் பேரோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. முனிராஜ் பேர் மேல் அப்படியே நின்றது. பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பிறகு சேவ் செய்து பிரிண்ட் எடுத்து ஒட்டினேன்.

அன்று மத்தியானமே முனிராஜ் வந்தார். "வியாழக்கிழம நான் வர வேண்டாந்தானுங்க சார்? பொண்ணுக்குக் காது குத்து வெச்சிருக்குது."

"பேர் போட்டிருக்குதில்ல? வந்துடு" என்றேன்.

சார்ட் ஒட்டியிருந்த கேன்டீன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சரிங்க சார் என்று போய்விட்டார்.

வியாழன் காலை பதினோரு மணிக்கு அவருடைய வலது கை மணிக்கட்டோடு போனது. வெங்கடேசன் அப்போது கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான். தம்பியும் நிற்கிற மெஷின், அவன் தப்பித்தான் என்று என் மனைவி கோயிலுக்குப் புறப்பட்டாள், நானும் போய்ப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே பேனலைக் கழற்றச் சொல்லி, காத்திருந்து புதுசு போட்டுக்கொண்டேன். கோடு அதோடு சரி. சென்சாரையும் போட்டுவிட்டார்கள். முனிராஜைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தது கம்பெனி. வந்த முதல் நாள் இடது கையால் கேட்டைத் திறந்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். லேப்டாப் விஷயம் அவருக்குத் தெரிய வழியே இல்லை, நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"சார், பிரிண்டர சரி பண்ணியாச்சுங்களா? அன்னிக்கு சார்ட்டுல என் பேரு மேல செவப்பா ஒரு கோடு இருந்துச்சு. சார் நம்ம பேர அடிச்சுட்டாரு, காது குத்துக்குப் போலாம்னு நெனச்சுத்தான் உங்ககிட்ட வந்து கேட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தாளை விபத்து நடந்த அன்றே கேன்டீன் வாசலிலிருந்து கிழித்து வந்திருந்தேன், இன்றும் என் டிராயரில் இருக்கிறது. எத்தனையோ தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன், ஒரு கோடும் இல்லை. எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான்.