செல்லையா இறக்கிய கட்டை

நேற்றுப் பசறை ரோட்டில் தார் காய்ச்சினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பழைய சுங்கச்சாவடியில் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த கட்டைதான் ஞாபகம் வந்தது. மழையில் உளுத்துப்போகாமலிருக்க அதற்கும் தார்தான் பூசுவோம். பதுளைக்குள் நுழையும் எந்த வண்டியும் அதன் முன்னால் நின்றாக வேண்டும். எனக்குக் கல்யாணமான புதிது. துரைமாரின் குதிரை வண்டியையே கைகாட்டி நிறுத்துகிறேன் என்று வீட்டில் பெருமையடிப்பேன். சொன்னால் சிரிப்பீர்கள், பாதி ராஜாங்கம் என் கையில் இருப்பதாகத்தான் நினைப்பு.

என்னோடு வேலை பார்த்தவன் செல்லையா. அதிகம் பேசமாட்டான்.

ஐப்பசி மழைநாள் ஒன்றில் மடுல்சீமையிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. சாக்குகளுக்கு நடுவே மருதாயி என்ற பெண், காய்ச்சலில் துவண்ட பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் உத்தரவு கேளாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தாள். வண்டிக்காரர் சுங்கம் கொடுத்து முடித்த நேரம் அவள் தோட்டத்துப் பெரிய கங்காணி குதிரையில் வந்துவிட்டார்.

"கட்டையத் தூக்காத. காலைப் பெரட்டுல பேர் குடுக்க வராம ஓடிவந்தவ அவ."

என் கை கட்டையைத் தூக்கும் கயிற்றிலேயே நின்றுவிட்டது. செல்லையா அதை வாங்கி இழுத்தான்.

"காசு குடுத்த வண்டிங்க. நிறுத்தி வைக்க எங்களுக்கு அதிகாரமில்ல."

வண்டி போனதும் கட்டையை இறக்கினான். கங்காணி குதிரையைத் தட்டினார்.

"குதிரைக்கும் காசு உண்டுங்க."

அவசரத்தில் வந்த கங்காணியிடம் காசில்லை. திட்டினார்; சவுக்கை ஓங்கினார். செல்லையா இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் குதிரை திரும்பியது.

கங்காணியின் புகாரைக் கேட்டு, மறுவாரமே சாவடியைக் குத்தகை எடுத்திருந்த முதலாளி செல்லையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "வர்றேன்" என்று மட்டும் சொல்லிப் போனான்.

சில நாள் கழித்து மருதாயி நடந்து வந்தாள். கையில் பிள்ளை இல்லை. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"புள்ள லயத்து வீட்டுல கேப்பாரில்லாம சாகலைங்க. டாக்டரய்யா தொட்டுப் பாத்தாரு, அதுக்கப்புறந்தான் போச்சு. அந்த அண்ணன் எங்கங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவள் தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.

பிறகு சுங்கம் வாங்குவதே நின்றுபோனது. சாவடியைப் பிரித்துப் பலகைகளைக் கொண்டுபோனார்கள். இப்போது அந்த இடத்தில் லொறிகள் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. செல்லையா கண்டிப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். கப்பலேறி ஊருக்கே போய்விட்டதாக இன்னொருவர். பிள்ளையை டாக்டர் தொட்டுப் பார்த்தார் என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று.